இறக்கையில் ஓர் இடுக்கு



1918 பிப்ரவரியில் குஸ்டாவ் லக்மன் என்கிற ஜெர்மன் விமானி தம் நாட்டுக் காப்புரிமை அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் போட்டார். விமான இறக்கையை ஒரே பலகையாகச் செய்யாமல், முன்பக்கத்தில் ஒரு பட்டையைத் தனியாகப் பிரித்து, நடுவில் நீளமாக ஓர் இடுக்கு விட்டால் இறக்கை இன்னும் அதிக எடையைத் தூக்கும் என்பது அதன் சாரம். அலுவலகம் ஏற்கவில்லை. இறக்கைக்குக் கீழே அழுத்தம் அதிகம், மேலே குறைவு. அந்த வித்தியாசம்தானே விமானத்தைத் தாங்குகிறது? நடுவில் வழி திறந்துவிட்டால் தூக்குவிசை பாழாகிவிடும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த அதிகாரிகளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாள் நம்மில் யாருடைய மேசைக்கு வந்திருந்தாலும் நாமும் அதையேதான் எழுதியிருப்போம். ஆனால் லக்மன் அதை வெறும் காகிதத்தில் யோசித்தவர் அல்லர். 1917இல் அவர் ஓட்டிய விமானம் ஸ்டால் ஆகி விழுந்து நொறுங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, ஏன் விழுந்தேன் என்று யோசித்து யோசித்துப் பிடித்த வழி அது.

ஸ்டால் என்றதும் பலருக்கு இன்ஜின் நின்றுபோவது நினைவுக்கு வரும். கார் ஓட்டுகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். விமானத்தில் விஷயம் வேறு. இன்ஜின் முழுவீச்சில் உறுமிக்கொண்டிருக்கும்போதே ஸ்டால் ஆகலாம். இன்ஜினே இல்லாத கிளைடரும் ஸ்டால் ஆகும். 1896 ஆகஸ்ட் 9 அன்று ஓட்டோ லிலியென்டால் அப்படித்தான் விழுந்தார். ஆயிரக்கணக்கான முறை கிளைடரில் மிதந்து பழகியவர், முதுகெலும்பு முறிந்து மறுநாள் இறந்தார். இறக்கை தன் வேலையை நிறுத்திவிடுவதுதான் ஸ்டால்.

அது ஏன் நிறுத்துகிறது? இதை நிதானமாகப் பார்த்தாக வேண்டும். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. திருப்பும்போது மேல்பரப்பில் அழுத்தம் குறைகிறது, கீழ்ப்பரப்பில் ஓரளவு கூடுகிறது. காற்றின் திசைக்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள சாய்வைத் தாக்குகோணம் என்பார்கள். அதைக் கூட்டக் கூட, தூக்குவிசை ஏறக்குறைய நேர்க்கோட்டில் கூடிக்கொண்டே போகும். 4 டிகிரியில் கிடைப்பதைவிட 8 டிகிரியில் அதிகம், 12இல் இன்னும் அதிகம். 15, 16 டிகிரியை ஒட்டி இந்த ஏற்றம் நின்று சட்டென்று சரியும். சாதாரண இறக்கைகளுக்கு எல்லை ஏறத்தாழ அங்கேதான். எல்லை கோணத்துக்குத்தான், வேகத்துக்கு அல்ல. விமானம் மெதுவாகப் போனால் அதே எடையைத் தாங்கக் கோணத்தைக் கூட்டியாக வேண்டும். அதனால்தான் வேகக் குறைவு ஸ்டாலில் கொண்டுபோய் விடுகிறது. வேகமாகப் போகும்போதும் விமானி கட்டுப்பாட்டுத் தண்டைப் பலமாக இழுத்தால் ஸ்டால் ஆகும். 60 டிகிரி சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பினால் இறக்கை இரண்டு மடங்கு எடையைச் சுமக்கிறது. அப்போது ஸ்டால் வேகம் 1.4 மடங்காகிவிடும்.

மேல்பரப்பில் காற்று படும் பாட்டைப் பார்ப்போம். முன்விளிம்பைச் சுற்றி வளையும்போது காற்று மிக வேகமாகப் பாய்கிறது; அங்கே அழுத்தம் பாதாளத்தில் இருக்கும். அதன்பிறகு பின்விளிம்புவரை அழுத்தம் படிப்படியாகக் கூடிக்கொண்டே போகிறது. அதாவது காற்று குறைந்த அழுத்தத்திலிருந்து கூடுதல் அழுத்தத்தை நோக்கி, எதிர்த்துக்கொண்டு போக வேண்டும். கிண்டி கத்திப்பாரா மேம்பாலத்தில் சைக்கிளில் போகிறவரை எண்ணிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் சேர்த்த வேகத்தை வைத்துக்கொண்டுதான் அடுத்த மேட்டை ஏறுவார். வழியில் உராய்வு வேகத்தைத் தின்றுவிட்டால் பாதி மேட்டிலேயே நின்றுவிடுவார்.

இறக்கையின் தோலை ஒட்டிப் போகும் காற்று அந்தக் களைத்த சைக்கிள்காரர். பரப்பில் உரசி வேகமிழந்த இந்த மெல்லிய அடுக்குக்கு எல்லைப் படலம் என்று பெயர். இதை 1904இல் ஹைடல்பர்க் கணித மாநாட்டில் முதன்முதலில் விளக்கியவர் லுட்விக் பிராண்டில். கோணம் கூடக்கூட முன்விளிம்புப் பள்ளம் ஆழமாகிறது. ஏற வேண்டிய மேடு உயரமாகிறது. ஒரு கட்டத்தில் எல்லைப் படலம் ஏற முடியாமல் நின்று, திரும்பி, பரப்பைவிட்டுப் பிரிந்துவிடும். அதற்குமேல் காற்று இறக்கையின் வளைவைப் பின்பற்றாது. சுழிகளாகக் கலைந்து போகும். தூக்குவிசை சரியும், இழுவை எகிறும். இதுதான் ஸ்டால்.

ஆகவே ஸ்டாலைத் தள்ளிப்போட வேண்டுமானால் அந்தப் பள்ளத்தின் ஆழத்தைக் குறைக்க வேண்டும், அல்லது ஏறுகிறவருக்குத் தெம்பு கொடுக்க வேண்டும். லக்மனின் இடுக்கு இதில் எதைச் செய்கிறது? இதற்குச் சரியான பதில் வர ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்கு வருகிறேன்.

லக்மன் ஜெர்மனியில் கையைப் பிசைந்துகொண்டிருந்த அதே நாட்களில், இங்கிலாந்தில் ஃபிரெடரிக் ஹேண்ட்லி பேஜ் என்ற விமானத் தயாரிப்பாளரும் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார். ஒருவரை ஒருவர் அறியார். பேஜுக்குச் சொந்தத்தில் காற்றுச் சுரங்கம் இருந்தது. 1919இல் அவர் காப்புரிமைக்கு எழுதினார். 1920 அக்டோபரில் லண்டன் கிரிக்கிள்வுட் மைதானத்தில், இடுக்கு வைத்த டி.எச்.9 விமானம் ஒன்றைப் பொதுமக்கள் முன்னிலையில் பறக்கவிட்டுக் காட்டினார். செய்தி ஜெர்மனிக்கு எட்டியது. லக்மன் கோட்டிங்கன் சென்று பிராண்டிலிடமே மாதிரி இறக்கையைக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார். தூக்குவிசை 63 சதவீதம் கூடியது. அதன்பிறகு காப்புரிமை அலுவலகத்தால் மறுக்க முடியவில்லை. இருவரும் வழக்காடிக்கொண்டிருக்காமல் சேர்ந்துகொண்டார்கள். சில ஆண்டுகள் கழித்து லக்மன் ஹேண்ட்லி பேஜ் கம்பெனியிலேயே வேலைக்குப் போனார். முதல் உலகப் போரில் எதிரெதிராக நின்ற நாட்டுக்காரர்கள் இருவர்.

ஹேண்ட்லி பேஜ் ஓர் இடுக்கோடு நிற்கவில்லை. ஓர் இறக்கையைப் பல துண்டுகளாக வெட்டி, இடுக்கின்மேல் இடுக்காக வைத்துப் பார்த்தார். தாக்குகோணம் 45 டிகிரிவரை போயும் அந்த இறக்கை மடங்கவில்லை. சாதாரண இறக்கை இதில் மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே கைவிரித்துவிடும். தூக்குவிசைக் குணகம், அதாவது இறக்கை எவ்வளவு திறமையாகத் தூக்குகிறது என்பதைச் சொல்லும் எண், 4ஐ நெருங்கியது. வெட்டாத இறக்கையில் அது ஒன்றரையை ஒட்டித்தான் இருக்கும்.

ஆரம்பத்தில் இடுக்கு நிலையாகத் திறந்தே இருந்தது. தாழ்வேகத்தில் வரம், அதிவேகத்தில் வீண் இழுவை. இதற்குக் கண்டுபிடித்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. முன்விளிம்புப் பட்டையை, இதை ஸ்லாட் என்பார்கள், சிறு கைகளில் தளர்வாகத் தொங்கவிட்டார்கள். மோட்டார் இல்லை, கம்பி இல்லை, விமானி தொடுவதும் இல்லை. சாதாரணமாகப் பறக்கும்போது எதிர்க்காற்று பட்டையை இறக்கையோடு அமுக்கி வைத்திருக்கும். கோணம் கூடி முன்விளிம்பில் அழுத்தம் விழுந்ததும் அந்த உறிஞ்சலே பட்டையை முன்னுக்கும் மேலுக்கும் இழுத்துவிடும், இடுக்கு திறக்கும். எந்த ஆபத்து வரப்போகிறதோ அந்த ஆபத்தே மருந்தையும் எடுத்து நீட்டுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவிலும் விமானிகள் பயின்ற டைகர் மாத் பயிற்சி விமானத்தின் மேல் இறக்கையில், வெளிப்பக்கமாக இந்தத் தானியங்கி ஸ்லாட் உண்டு. தரையில் ஓடும்போது தடதடவென்று அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைப் பூட்டிவைக்க விமானி அறையில் ஒரு கைப்பிடியும் உண்டு.

வெளிப்பக்கமாக என்று சொன்னேன். காரணம் இருக்கிறது. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் எய்லரான்கள் இறக்கை நுனியில் இருக்கின்றன. நுனி முதலில் ஸ்டால் ஆனால் விமானியிடம் கட்டுப்பாடே இருக்காது. ஒரு பக்கம் சரிந்து சுழன்று விழ ஆரம்பிக்கும். நுனிக்கு மட்டும் ஸ்லாட் வைத்தால், நடு இறக்கை கைவிட்ட பிறகும் எய்லரான் சொல்பேச்சு கேட்கும். 1920களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் விமானப் படை இதை ஆவலோடு ஏற்றுக்கொண்டதற்கு அதிக எடை தூக்குவதைவிட இதுதான் பெரிய காரணம்.

மனிதனுக்கு முன்பே பறவை இதைச் செய்துவிட்டது. நம் ஊர் கள்ளப்பருந்து மொட்டைமாடிச் சுவரில் வந்து உட்காரும் கடைசி நொடியைக் கவனியுங்கள். இறக்கையை அண்ணாந்து பிடித்திருக்கும். இறக்கை மடங்கும் முட்டியருகே, கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில், சில சிறகுகள் தனியாகத் தூக்கி நிற்கும். அதுவும் ஓர் இடுக்குதான்.

சரி, ஃபிளாப்புக்கு வருவோம். இறக்கையின் பின்விளிம்பில் கீழ்நோக்கி வளையும் பகுதி ஃபிளாப். இது இடுக்கைவிட மூத்தது. முதல் உலகப் போருக்குள்ளேயே ஃபேரி கம்பெனியின் ஹாம்பிள் பேபி கடல் விமானத்தில் பின்விளிம்பை முழுவதுமாக இறக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. ஆனாலும் அன்றைய இருஇறக்கை விமானங்கள் இயல்பிலேயே மெதுவாகத்தான் இறங்கின; விமானிகள் அலட்டிக்கொள்ளவில்லை. 1930களில் ஒற்றை இறக்கை, வழுவழுப்பான உடல், அதிக வேகம் என்று விமானம் மாறியபோதுதான் ஃபிளாப் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தது.

ஃபிளாப்பில் வகைகள் நிறைய. இறக்கையின் கீழ்த்தோல் மட்டும் கதவுபோலத் திறக்கும் ஸ்பிளிட் ஃபிளாப்புக்கு 1924இல் காப்புரிமை பெற்ற இருவரில் ஒருவர் ஆர்வில் ரைட். ஆமாம், அந்த ரைட்டேதான். டி.சி.3 விமானத்தில் இருப்பது இந்த வகை. ஆனால் நிலைத்து நின்றது ஹார்லன் ஃபௌலரின் யோசனை. அமெரிக்கப் பொறியாளரான அவர் 1924இல் ஓய்வு நேரத்தில், கைக்காசைப் போட்டு உருவாக்கியது. அவருடைய ஃபிளாப் வெறுமனே கீழே வளையாது. முதலில் தண்டவாளத்தில் பின்னால் நகரும், பிறகு கீழே சாயும். வளைவு கூடுவதோடு இறக்கையின் பரப்பும் கூடுகிறது. நடுவே ஓர் இடுக்கும் திறக்கிறது. 1932இல் அமெரிக்க அரசின் நாகா ஆய்வகம் சோதித்துப் பார்த்துச் சான்று தந்தது. 1937இல் பறந்த லாக்ஹீட் 14 இதைப் பயணிகள் விமானத்துக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு ஹோவர்ட் ஹியூஸ் உலகை 91 மணி நேரத்தில் சுற்றிவந்தது அந்த லாக்ஹீடில்தான்.

இப்போது ஒரு வித்தியாசத்தை மனத்தில் நன்றாக வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிளாப்பும் முன்விளிம்பு ஸ்லாட்டும் தூக்குவிசையைக் கூட்டுகின்றன என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். இரண்டும் கூட்டும் விதம் வேறு. ஃபிளாப்பை இறக்கினால், கோணத்தை மாற்றாமலே தூக்குவிசை உடனே எகிறும். ஆனால் ஸ்டால் ஆகும் கோணம் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடும். ஸ்லாட்டைத் திறந்தால் அதே கோணத்தில் பெரிதாக ஒன்றும் மாறாது. ஆனால் 15, 16இல் நின்றிருக்க வேண்டிய ஏற்றம் 20ஐத் தாண்டியும் தொடரும். ஃபிளாப் கோட்டை மேலே தூக்குகிறது. ஸ்லாட் கோட்டை நீட்டுகிறது.

விமானி அறையில் இதன் பலன் கண்கூடு. ஸ்லாட்டை மட்டும் நம்பி மெதுவாக வந்தால் மூக்கை வெகுவாக உயர்த்த வேண்டும். முன்னால் ஓடுபாதையே தெரியாது. ஃபிளாப்பை இறக்கினால் மூக்கைத் தாழ்த்திக்கொண்டே மெதுவாக வரலாம். ஃபிளாப்புக்கு இடம் கொடாத முக்கோண இறக்கையோடு பறந்த கான்கார்ட், இறங்கும்போது தன் மூக்கையே கீழே மடக்க வேண்டியிருந்தது. எஃப்-8 குரூசேடர் போர்விமானத்தில் இறக்கையை மட்டும் தனியே உயர்த்தி, உடலைத் தட்டையாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு செய்தார்கள். கப்பல் தளத்தில் இறங்கும் விமானிக்குத் தளம் கண்ணில் படவேண்டுமே!

ஃபிளாப் ஏன் ஸ்டாலை முன்கூட்டியே கொண்டுவருகிறது? பின்விளிம்பு காற்றை இன்னும் அதிகமாக வளைக்கும்போது இறக்கையைச் சுற்றிய சுழலோட்டம் வலுக்கிறது. அதனால் முன்விளிம்புக்கு வரும் காற்று இன்னும் செங்குத்தாக மேல்நோக்கி வருகிறது. விமானம் அதே சாய்வில் இருந்தாலும் முன்விளிம்பு தான் அதிகக் கோணத்தில் இருப்பதாகவே உணர்கிறது, பள்ளம் ஆழமாகிறது. பின்னால் கிடைத்த லாபத்துக்கு முன்னால் விலை. ஜெட் விமானங்களில் பெரிய ஃபிளாப்போடு முன்விளிம்பு ஸ்லாட்டும் ஜோடியாக வருவது இதனால்தான். தூத்துக்குடிக்குப் போகும் ஏ.டி.ஆர். 72 விமானத்தில் முன்விளிம்பில் எதுவும் இருக்காது. அதன் இறக்கை நேரானது, முன்விளிம்பு தடித்து நன்றாக உருண்டது, வேகமும் குறைவு, தானே சமாளித்துக்கொள்கிறது. பின்னோக்கிச் சாய்ந்த மெல்லிய ஜெட் இறக்கைக்கு அந்தச் சொகுசு இல்லை.

இனி நான் பாக்கி வைத்த கேள்வி. இடுக்கு எப்படி வேலை செய்கிறது?

பழைய விளக்கம் மிக அழகானது. கீழேயுள்ள காற்று இடுக்கு வழியாகப் பீய்ச்சியடிக்கிறது. சக்தி மிகுந்த அந்தப் பீச்சு, மேலே களைத்துப்போன எல்லைப் படலத்தைத் தள்ளிவிடுகிறது. அதனால் அது பிரியாமல் ஒட்டிக்கொள்கிறது. இதைப் பிராண்டிலே சொன்னார். பிராண்டில் சொன்னால் யார் மறுப்பார்கள்? பல பாடநூல்களில் இன்றும் அச்சாகிக்கொண்டிருப்பது இதுதான்.

1975இல் டக்ளஸ் விமானக் கம்பெனியின் ஏ.எம்.ஓ. ஸ்மித், தூக்குவிசை பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதுவும் என் பேச்சைப்போல ஒரு சொற்பொழிவாகத் தொடங்கியதுதான். ரைட் சகோதரர்கள் நினைவுச் சொற்பொழிவு. அதில் அவர் எழுப்பிய ஆட்சேபம் எளிமையானது. இடுக்கில் வரும் காற்றுக்குக் கூடுதல் சக்தி எங்கிருந்து வந்தது? அங்கே விசிறி இல்லை, கம்ப்ரெசர் இல்லை. அது வெளியே ஓடும் அதே காற்று. சக்தியும் அதே அளவுதான். ஊதுவதற்கு அங்கே யாரும் இல்லை.

ஸ்மித் சொன்ன உண்மையான காரணங்கள் பல. இரண்டு மூன்றைச் சொல்கிறேன். முதலாவது, ஸ்லாட்டும் ஓர் இறக்கைதான்; அதைச் சுற்றியும் ஒரு சுழலோட்டம் உண்டு. அதன் பின்விளிம்பை அடுத்து இருக்கும் பெரிய இறக்கையின் மூக்கில், அந்தச் சுழலோட்டம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. மூக்கைச் சுற்றிப் பாயும் காற்றின் வேகத்தைக் குறைக்கிறது. பாருங்கள், கூட்டவில்லை, குறைக்கிறது. பள்ளத்தின் ஆழம் குறைந்துவிடுகிறது. ஏற வேண்டிய மேடும் தாழ்ந்துவிடுகிறது. பழைய விளக்கத்துக்கு நேர் எதிர்.

இரண்டாவது, முன்னே இருப்பவருக்குப் பின்னே இருப்பவர் செய்யும் கைம்மாறு. ஸ்லாட்டின் பின்விளிம்பு, பெரிய இறக்கையின் வேகமான காற்றோட்டத்துக்குள் முடிகிறது. அதனால் ஸ்லாட்டின் எல்லைப் படலம் மேட்டை முழுவதும் ஏறத் தேவையில்லை. பாதியிலேயே வேகம் குறையாமல் இறங்கிக்கொள்ளலாம். மீதி ஏற்றம் எந்தப் பரப்பையும் தொடாமல், நடுக்காற்றில் நடக்கிறது. உரசுவதற்குப் பரப்பு இல்லாத இடத்தில் காற்று எவ்வளவோ கூடுதலான எதிர்ப்பைத் தாங்கும். பெரிய இறக்கைக்கும் ஃபிளாப்புக்கும் இடையிலும் இதே உறவுதான்.

மூன்றாவது, ஒவ்வொரு துண்டிலும் எல்லைப் படலம் புதிதாகத் தொடங்குகிறது. ஒரே சைக்கிள்காரர் உயரமான ஒரே பாலத்தைக் கடப்பதற்குப் பதில், மூன்று சிறு பாலங்கள்; ஒவ்வொன்றிலும் களைப்பில்லாத புது ஆள். மெல்லிய, புத்தம்புது எல்லைப் படலம் தடித்துப்போன பழையதைவிட அதிகம் தாங்கும்.

இடுக்கின் அகலம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதும் இப்போது விளங்கும். பொதுவாக அது இறக்கையின் அகலத்தில் ஒன்று முதல் இரண்டு சதவீதம். மிகவும் குறுக்கிவிட்டால், முன் துண்டு உதறிய களைத்த காற்றும் பின் துண்டின் புதுப்படலமும் ஒன்றோடொன்று கலந்து தடித்துவிடும். புத்தம்புது என்ற லாபம் போய்விடும். மிகவும் விரித்துவிட்டால் துண்டுகள் ஒன்றுக்கொன்று உதவும் தூரத்தில் இருக்காது. காற்றுச் சுரங்கத்தில் பொறியாளர்கள் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்திப் பார்ப்பது இதைத்தான். இடுக்கு அடுத்தடுத்த இறக்கைகளைச் சரியான தூரத்தில் பிரித்து வைக்கிறது. அது ஊதுகுழல் இல்லை.

இதனால் கிடைப்பது என்ன என்று கணக்காகப் பார்த்துவிடுவோம். ஏ320 விமானம் 64 டன் எடையோடு இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். இறக்கைப் பரப்பு சுமார் 122 சதுர மீட்டர். குணகம் 1.5 என்றால், கடல்மட்டத்தில் ஸ்டால் வேகம் மணிக்கு ஏறத்தாழ 270 கி.மீ. ஃபிளாப்பும் ஸ்லாட்டும் சேர்ந்து குணகத்தை 3ஆக்கினால் 190 கி.மீ. விமானி ஸ்டால் வேகத்துக்குச் சற்று மேலே, 1.23 மடங்கில் வருவார். அதாவது 330க்குப் பதில் 235 கி.மீ. வேகத்தில். ஓடுபாதையில் பிரேக் தின்றாக வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு போகும். ஆகவே அது சரிபாதியாகிறது. ஃபிளாப் இல்லாமல் இதே மெதுவேகம் வேண்டுமென்றால் இறக்கையை இரண்டு மடங்கு பெரிதாக்கி, அந்தச் சுமையை டெல்லிவரை இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

புறப்படும்போது ஃபிளாப்பைக் கொஞ்சமாகவும், இறங்கும்போது முழுதாகவும் இறக்குவதைக் கவனித்திருப்பீர்கள். கொஞ்சம் இறக்கினால் தூக்குவிசை நிறைய, இழுவை குறைவு. ஏறுவதற்கு அது போதும். முழுதாக இறக்கும்போது இழுவையும் பெருகுகிறது. இறங்கும்போது அந்த இழுவையும் வேண்டும். மேலெழும்பிய சில நிமிடங்களில் ஃபிளாப் படிப்படியாக உள்ளே போகும்போது வயிறு லேசாக இறங்குவதுபோல் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, அதற்குள் வேகம் வந்துவிட்டது. வேகம் வருமுன் உள்ளே இழுத்தால்தான் வினை.

அப்படி வினையான கதைகளும் உண்டு. 1972 ஜூன் 18 அன்று லண்டனில் புறப்பட்ட டிரைடன்ட் விமானத்தில், வேகம் போதாத நேரத்தில் முன்விளிம்பு உள்ளே இழுக்கப்பட்டது. ஸ்டெயின்ஸ் என்ற ஊரருகே விழுந்து 118 பேரும் இறந்தார்கள். 1974 நவம்பர் 20, நைரோபி. லுஃப்தான்சா 747 ஒன்று ஃபிளாப்பைச் சரியாக இறக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் முன்விளிம்பில் இருக்கும் ஃபிளாப்புகள் திறக்கவில்லை; அவற்றை இயக்கும் அழுத்தக் காற்றின் வால்வுகள் மூடிக் கிடந்தன. சற்றுமுன் சொன்ன ஜோடியில் பாதி இல்லை. நைரோபி கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரம், காற்றும் மெலிது. தரையைவிட்டுக் கிளம்பியதும் விமானம் குலுங்கியது, மேலே ஏறவில்லை, ஓடுபாதையைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் தரையில் மோதியது. 157 பேரில் 59 பேர் மாண்டார்கள். 747இன் முதல் உயிர்ப்பலி விபத்து அது. முன்விளிம்பு திறக்காவிட்டால் கூப்பாடு போடும் எச்சரிக்கை அமைப்பு அதன்பிறகுதான் வந்தது.

1979 மே 25, சிகாகோ. டி.சி.10 தரையைவிட்டு எழும்போது இடப்பக்க இன்ஜின் பிய்த்துக்கொண்டு விழுந்தது. விமானம் அதையும் தாங்கியிருக்கும். ஆனால் இன்ஜின் போகிற போக்கில் ஹைட்ராலிக் குழாய்களை அறுத்துவிட்டது. இட இறக்கையின் வெளிப்புற ஸ்லாட்டுகளைப் பிடித்துவைக்க அழுத்தம் இல்லை, காற்றின் வேகம் அவற்றை உள்ளே தள்ளிவிட்டது. வல இறக்கையில் அவை திறந்தபடி. இப்போது ஒரே விமானத்துக்கு இரண்டு ஸ்டால் வேகங்கள்: இடது இறக்கைக்கு 159 நாட், வலதுக்கு அதைவிடக் குறைவு. விமானிகள் ஓர் இன்ஜின் போனால் எந்த வேகத்தில் ஏறவேண்டும் என்று கையேடு சொல்கிறதோ, அந்த 153 நாட்டுக்குச் சரியாக வேகத்தைக் குறைத்தார்கள். இடது இறக்கை ஸ்டால் ஆனது, விமானம் கவிழ்ந்தது. தரையில் இருந்த இருவரோடு சேர்த்து 273 பேர் இறந்தார்கள். ஸ்டால் எச்சரிக்கைக்கும் ஸ்லாட் விளக்குக்கும் மின்சாரம் அந்த விழுந்துபோன இன்ஜினிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இறக்கை இருந்த நிலை விமானிகளுக்குத் தெரியவே வழியில்லை. ஆறு நாட் கூடுதலாகப் போயிருந்தால் தப்பியிருப்பார்கள் என்று பின்னாளில் படித்தவர்கள் சொல்லலாம். அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் விதியைச் சரியாகத்தான் பின்பற்றினார்கள்.

கடைசியாக, இன்றைய போக்கு. ஒரு காலத்தில் இடுக்கு எத்தனை கூடுதலோ அத்தனை நல்லது என்று போனார்கள். குட்டை ஓடுபாதைகளில் இறங்குவதற்காக வந்த போயிங் 727இலும், பிறகு 747இலும் ஃபிளாப் மூன்று துண்டு, மூன்று இடுக்கு. ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு இறக்கையே கழன்று போகிறதோ என்று தோன்றும். இப்போது காற்று திரும்பியிருக்கிறது. 747-8இல் உள்பக்கம் இரண்டு இடுக்கு, வெளிப்பக்கம் ஒன்று. 787இலும் ஏ350இலும் ஒற்றை இடுக்குதான். ஒவ்வொரு துண்டுக்கும் தண்டவாளம், திருகுத்தண்டு, பராமரிப்பு, எடை என்று செலவு ஏறிக்கொண்டே போகிறதே! ஒன்றையே சரியாக வைத்தால் போதும் என்று கணினிக் கணக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. இந்தப் புது விமானங்களில் ஃபிளாப் இறங்கும்போது அதற்கு மேலே இருக்கும் ஸ்பாய்லர் தகடுகளும் கூடவே கொஞ்சம் தாழும். இடுக்கின் அகலம் எந்த நிலையிலும் கெடாமல் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது: சத்தம். இன்ஜின்கள் அமைதியாகிவிட்டதால், இறங்கும் விமானம் எழுப்பும் இரைச்சலில் சக்கரங்களோடு இந்த இடுக்குகளும் பெரும்பங்கு வகிக்கின்றன. ஸ்லாட்டின் குழிவான முதுகில் சுழலும் காற்று சீறுகிறது. ஏ350 உள்பக்க முன்விளிம்பில் இடுக்கையே விட்டுவிட்டு, மூக்கை மட்டும் மடக்கிக்கொள்கிறது. ஆனால் அதே இறக்கையின் வெளிப்பக்கத்தில் ஸ்லாட் இருக்கத்தான் செய்கிறது. லக்மன் வரைந்த அதே பட்டை, அதே இடுக்கு.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.